வைப்பனவும் விடுப்பனவும்

பொருள்களைச் சேர்ப்பதற்கு ஆசை ஒன்றே போதும்; அவற்றைக் குறைப்பதற்கு நெறி வேண்டும். சேர்க்கும் காலத்தில் மனிதன் தன்னை ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை. பிடித்ததை வாங்குகிறான்; வாங்கியதை அலமாரியில் வைக்கிறான். குறைக்கும் காலம் வரும்போதுதான் ஒவ்வொரு பொருளும் அவன் முன் நின்று, "என்னை ஏன் இத்தனை நாள் வைத்திருந்தாய்? இன்று ஏன் விடுகிறாய்?" என்று கேட்கத் தொடங்குகிறது. நூல்களுக்கும் கடிதங்களுக்கும் நிழற்படங்களுக்கும் இது பொதுவே. இசைக்கோ இதனினும் ஒரு சிக்கல் மிகுதி. நூலைப் புரட்டிய அளவில் அது இன்னதென அறியலாம். ஒலிநாடாவுக்குள் இருப்பது எது என்பதை, அதை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாலொழிய அறிய இயலாது. பெரியதோர் இசைத்தொகுப்பைக் குறைக்க நேர்ந்தவன் எந்த நெறியைக் கைக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். அண்மையில் அப்பணியைச் செய்து முடித்தவன் என்ற முறையில் சில கருத்துகளை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவர்கள் முன்னும் வைக்கிறேன்.

எங்கள் குடும்பம் ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவை அடுத்த ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் வாழ்ந்து வந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் முற்றாக நீங்கியபோது அண்டை அயலார் பலர் புறநகர்களுக்குப் போயினர். வீட்டு உரிமையாளரின் நல்லெண்ணத்தால் நாங்கள் மேலும் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தோம். மாடிப்படிக்கு முழங்கால் ஒத்துழைக்காத வயது வந்தபின், சென்ற ஆண்டில் கெலுகோரில் மூன்று அறைகள் கொண்ட அடுக்குமாடி வீடொன்றுக்குக் குடிபெயர முடிவு செய்தோம். அப்பொழுது நான் எடுத்த கணக்கு இது: அரக்கால் ஆன பழைய இசைத்தட்டுகள் 1,100, நெடுநேரம் ஓடும் பெரிய தட்டுகள் 400, ஒலிநாடாக்கள் 600. புதிய வீட்டில் இவற்றுக்கு என ஒதுக்க முடிந்தது ஒரே ஓர் அலமாரி. என் மனைவி அதற்கு மேல் ஓர் அடியும் தர இசையவில்லை. "தட்டுகள் எப்போதும் நின்றுகொண்டே இருக்கும், வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார வேண்டாமா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இத்தொகுப்பு இரு தலைமுறைகளின் சேர்க்கை. அரக்குத் தட்டுகள் பெரும்பாலும் என் தந்தையாருடையவை. அவர் 1930-களில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்து, மார்க்கெட் தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். 1926-இல் கட்டப்பெற்ற அக்கப்பல் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. ஊருக்குச் சென்று திரும்பும் நண்பர்களிடம் தந்தையார் கேட்டு வாங்கியவை இரண்டே: ஒன்று சுக்கு, மற்றொன்று இசைத்தட்டு. தட்டு உடையாதிருக்க வேட்டிகளின் மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள்.

அத்தட்டுகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுதல் நலம். எமில் பெர்லினர் என்பவர் 1887-இல் வட்டத்தட்டில் ஒலியைப் பதியும் முறைக்கு உரிமம் கோரினார். அவருடைய முறையைக் கொண்டு தொழில் நடத்திய கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பர்க் 1902-இல் கல்கத்தாவிலும் 1903-இல் சிங்கப்பூரிலும் பதிவுகள் செய்தார். 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டுகளை அச்சிடும் தொழிற்சாலை எழுந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட இயலும். மேடையில் அரைமணி நேரம் விரியும் ஓர் இராகத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கக் கற்ற கலைஞர்களின் திறமையை எண்ணினால் வியப்பாக இருக்கும். எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்தார். அவரை மேடையில் ஒருமுறையும் காணாத என் தந்தையார், பினாங்கில் இருந்துகொண்டே அவர் குரலின் ஒவ்வொரு வளைவையும் அறிந்திருந்தார் எனின், அதற்குக் காரணம் இந்த அரக்குத் தட்டே.

நெடுந்தட்டு 1948-இல் அமெரிக்காவில் வந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிநாடாப் பேழையை அறிமுகம் செய்தது. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து முதற் சம்பளம் பெற்ற நாளிலிருந்து இவ்விரண்டும் என் பங்காகச் சேரலாயின. தந்தையார் ஒலிநாடாவை மதித்ததில்லை. ஊசி படாத பாட்டு என்ன பாட்டு என்பது அவர் கருத்து.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இயலாமைக்கு இடம் மட்டும் காரணம் அன்று. நூறு அரக்குத் தட்டுகள் ஏறத்தாழ இருபது கிலோ எடை இருக்கும். அவற்றைப் படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டு விரிசல் காணும். நிற்கவைத்தால் இடம் மிகுதியாக வேண்டும். நம் தீவின் ஈரக்காற்றில் தட்டின்மேல் பூஞ்சணம் படர்கிறது. ஒலிநாடாவின் பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. காகித உறைகளைக் கரையான் அரிக்கிறது. துப்புரவு செய்வதற்கும் அறிவு வேண்டும். பிந்திய காலத்து வினைல் தட்டைத் துடைக்கப் பயன்படும் சாராயக் கலவை அரக்கைக் கரைத்துவிடும். இவற்றை எல்லாம் அறிந்து, ஆண்டுதோறும் எடுத்துத் துடைத்துக் காக்கும் கைகள் உள்ள வரையில்தான் தொகுப்பு தொகுப்பாக இருக்கும். அக்கைகள் தளர்ந்தபின் அது மெல்ல மெல்லக் குப்பையாகும். குறைக்க மறுப்பதும் ஒருவகையில் அழிப்பதே என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

இந்நிலையில் எனக்கு அறிவுரை கூறியவர் மூவர். மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

கோலாலம்பூரில் பணிபுரியும் என் மகன், "எல்லாம் கைப்பேசியிலேயே இருக்கிறதே அப்பா, இந்தப் பாரம் எதற்கு?" என்றான். அவன் சொன்னதில் பெரும்பகுதி சரியே. இந்தியாவின் பழைய கிராமபோன் நிறுவனத்தின் வழிவந்த சரிகம நிறுவனம் 2017-இல் கரவான் என்னும் சிறு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான திரைப்பாடல்களைத் தன்னுள் பதித்து வைத்திருக்கும் அப்பெட்டியை ஒரு கையால் தூக்கிவிடலாம். நான் நாற்பது ஆண்டுகள் தேடித் திரட்டிய பாடல்களில் பெரும்பாலானவை அதனுள்ளும் இணையத்திலும் இருக்கின்றன. "பெரும்பாலானவை" என்ற அச்சொல்லிலேதான் சிக்கல் தங்கியிருக்கிறது. எஞ்சியவை எவை என்று மகன் கேட்கவில்லை.

இரண்டாமவர், லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் தட்டு வாங்கி விற்கும் ஒரு சீன நண்பர். அவர் வீட்டுக்கே வந்து பார்த்து மொத்தமாக ஒரு விலை கூறினார்; குறைந்த விலை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் விரும்பி எடுத்துத் தனியே வைத்தவை, 1960-களின் மலாய்ப் பாட்டுக் குழுக்களின் தட்டுகளும், நம் பினாங்கில் பிறந்த பி. ரம்லியின் தட்டுகளும், படம் அழகாக அச்சிட்ட சில திரைப்பட உறைகளுமே. பெயர் தெரியாத நாதசுர வித்துவான்களின் தட்டுகளையும் கையால் பெயர் எழுதிய ஒலிநாடாக்களையும் அவர் கால்விரலால் ஒதுக்கினார். சந்தை தன் கணக்கில் பிழை செய்வதில்லை. வாங்குவார் இல்லாத பொருளை அது பொருளாக எண்ணாது, அவ்வளவே.

மூன்றாமவர் என்னோடு பணிபுரிந்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர். "ஒன்றையும் விடாதீர்கள், ரோஜா முத்தையாவை நினைத்துப் பாருங்கள்" என்றார் அவர். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, தம் வாழ்நாள் முழுவதும் நூல்களையும் இதழ்களையும் நாடக அறிவிப்புகளையும் திருமண அழைப்புகளையும் கூடத் திரட்டினார். அவை ஏறத்தாழ ஓர் இலட்சம். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்று, 1994-இல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெறச் செய்தது. எல்லாரும் வீசியெறிந்ததை ஒருவர் வைத்திருந்ததால் விளைந்த பயன் அது. ஆயினும் என் வீட்டு அலமாரி கோட்டையூர்த் தொகுப்பு ஆகாது. என்னிடம் உள்ள திரைப்படத் தட்டுகள் போன்றவை சென்னையிலும் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் நூற்றுக்கணக்கான வீடுகளில் உண்டு. அவை அனைத்தையும் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, காக்க வேண்டிய சிலவற்றைக் கூட்டத்தில் தொலைத்துவிடும் இடர்தான் எனக்கு உரியது.

அவ்வாறாயின் எல்லாவற்றையும் எண்ணிமப் பதிவாக மாற்றிவிட்டுப் பொருள்களை விட்டுவிடலாமே என்று தோன்றும். நானும் கணக்கிட்டுப் பார்த்தேன். 1,100 தட்டுகளுக்கு இரு பக்கமும் சேர்த்து 110 மணி நேரம். 400 நெடுந்தட்டுகளுக்கு ஏறத்தாழ 267 மணி. ஒரு மணி ஓடும் 600 ஒலிநாடாக்களுக்கு 600 மணி. ஆக 977 மணி நேரம். நாள்தோறும் மூன்று மணி நேரம் விடாமல் அமர்ந்தாலும் ஏறத்தாழ பதினொரு மாதம் ஆகும். எனக்கோ வீட்டை ஒப்படைக்க மூன்று மாதமே இருந்தது. ஒலிநாடாவுக்கு வேறோர் அவசரமும் உண்டு. அதனை ஓட்டும் கருவிகள் அருகி வருகின்றன. பழுது பார்ப்பவரும் அருகி வருகின்றனர். 2019-இல் யுனெஸ்கோவின் திட்டம் ஒன்றும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் இணைந்து, 2025-ஐ ஒட்டிய காலத்தில் காந்த நாடாக்களை முறையாக ஓட்டிப் படியெடுக்கும் வாய்ப்பு உலகெங்கும் பெரிதும் குன்றிவிடும் என எச்சரித்தன. எனவே எதை முதலில் படியெடுப்பது என்ற கேள்வியிலிருந்து தப்ப வழி இல்லை. தேர்ந்தே ஆக வேண்டும்.

தேர்வதற்குரிய அளவுகோலை எனக்குத் தந்தது தேவாரத்தின் கதை. தமிழாசிரியர் எல்லாரும் அறிந்த கதைதான். இந்நோக்கில் அதனை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். முதலாம் இராசராசன் காலத்தில், தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது மூவர் பாடிய ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது என்று மரபு கூறும். அழிந்தவை மிகப்பல. மன்னன் வருந்தினான். இக்காலத்துக்கு வேண்டுவனவற்றையே எஞ்சவைத்தோம் என்று வானில் ஒரு குரல் எழுந்து அவனைத் தேற்றியதாம். கதை அத்தோடு முடியவில்லை. எஞ்சிய ஏடுகளில் சொல் இருந்தது, பண் இல்லை. பாடும் முறை தெரியாமல் மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திகைத்தனர். பின்னர் எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் பண்ணை அறிந்திருந்தாள் எனக் கேட்டு, அவளை அழைத்து வந்து பண் அடைவு செய்வித்தனர்.

இக்கதையின் வரலாற்று உண்மையை ஆராய்வது என் நோக்கமன்று. அதனுள் பொதிந்த உண்மை தெளிவானது. சொல்லை ஏடு காக்கும். ஒலியை ஒரு குரல்தான் காக்கும். அக்குரல் ஒன்றே ஒன்றாக இருந்தால், அதன்மேல்தான் நம் கண் முதலில் விழ வேண்டும். விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947-இல் வெளியிட்ட யாழ்நூலையும் இங்கு நினைக்கலாம். பழந்தமிழர் யாழ்களின் வடிவையும் நரம்புகளின் சுருதிக் கணக்கையும் இலக்கியச் சான்றுகளிலிருந்து அவர் மீட்டுத் தந்தார். அத்தனை அறிவும் உழைப்பும் வேண்டியிருந்ததன் காரணம் என்ன? அந்த யாழை வாசித்துக் கேட்டவர் ஒருவரும் எஞ்சாமையே. ஒரு மூன்று நிமிடத் தட்டு அன்று இருந்திருக்குமாயின், எத்தனை ஐயங்கள் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும்!

ஆகவே நான் வகுத்துக்கொண்ட அளவுகோல் இது. ஒரு தட்டை எடுத்தால், இது எனக்குப் பிடித்ததா என்று கேட்பதில்லை. விலை போகுமா என்றும் கேட்பதில்லை. இது என் கையிலிருந்து போய் அழிந்தால், இதனை வேறெங்கேனும் கேட்க முடியுமா என்ற ஒன்றையே கேட்பது. முடியும் என்றால் விடலாம். முடியாது என்றால் அதைக் காக்க வேண்டும். மன்னனைத் தேற்றிய வானக் குரல் நமக்கு உதவ வாராது. எது வேண்டுவது என்பதை நாமே முடிவு செய்தாக வேண்டும்.

நெறியை வகுப்பது எளிது. அதற்குக் கட்டுப்படுவது எளிதன்று. முதலில் விடவேண்டியவையாக அமைந்தவை எனக்கும் தந்தையாருக்கும் மிக இனியவையே. கிட்டப்பாவின் தட்டுகள், கே.பி. சுந்தராம்பாளின் தட்டுகள், 1944-இல் வந்த ஹரிதாஸ் படத்தில் தியாகராஜ பாகவதர் பாடியவை, 1945-இல் வந்த மீரா படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியவை, நாகூர் ஹனிபாவின் பாடல்கள் என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. தந்தையார் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ஊசி மாற்றி ஊசி மாற்றிக் கேட்டவை இவை. இவற்றின் புகழே இவற்றுக்கு எதிரான சாட்சி ஆயிற்று. புகழ் பெற்றமையால் பல்லாயிரம் படிகள் அச்சாயின. பல்லாயிரம் படிகள் இருந்தமையால் பலர் காத்தனர். காத்தமையால் இன்று எவரும் எளிதிற் கேட்கலாம். நான் கைவிடுவதால் அக்குரல்கள் ஒன்றும் குன்றப்போவதில்லை. இதனை அறிவு ஏற்றுக்கொண்டது. கை ஏற்றுக்கொள்ளச் சற்று நாளாயிற்று. எட்டு நாள் கட்டி வைப்பதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன்.

இவ்விடத்தில் ஒரு சிறு கண்டுபிடிப்பு எனக்கு உதவிற்று. தட்டுகளின் காகித உறைகள் பலவற்றில், அவற்றை விற்ற பினாங்குக் கடைகளின் பெயரும் தெருவும் அச்சிடப்பட்டிருந்தன. சிலவற்றில் மலாயும் சீனமும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே இருந்தன. பாட்டு சென்னையிலும் உண்டு. இந்த உறை சென்னையில் இல்லை. இந்நகரத்தில் எந்தத் தெருவில் எவர் எவருக்கு இசையை விற்றார் என்பதன் சான்று அது. பினாங்கின் மக்கள் இசையைப் பற்றி ஜேம்ஸ் லாக்ஹெட்டும் பால் அகஸ்டினும் எழுதிய நூல் 2015-இல் வெளிவந்தது; 2016-இல் கொம்தார் கட்டடத்தில் பினாங்கு இசை இல்லம் என்னும் காட்சியகமும் தொடங்கப்பெற்றது. வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் இத்தகைய சிறு பொருள்களைச் சேர்த்தே ஒரு நகரின் இசை வரலாற்றை எழுத முடியும் என்பதை அவை காட்டின. எனவே பல தட்டுகளை விடுத்து, உறைகளை வைத்துக்கொண்டேன். உறைகள் 160-ம் ஒரு காலணிப் பெட்டிக்குள் அடங்கும் என எண்ணினேன்; இரண்டு பெட்டி ஆயிற்று.

மறுபுறம், எவரும் விரும்பாத பொருள்கள் மேலெழுந்தன. என் பழைய மாணவர் இருவர் மாலைதோறும் வந்து, தட்டின் எண்களை இணையத்திலும் பட்டியல்களிலும் ஒப்பிட்டுப் பார்த்தனர். 1,100 தட்டுகளில், வேறெங்கும் இருப்பதாக எங்களால் காண முடியாதவை 70. நாடக மேடை நகைச்சுவைப் பேச்சுகளும், பெயர் மட்டும் எஞ்சிய கலைஞர்களின் நாதசுரமும் பக்திப் பாடல்களும் அவற்றுள் இருந்தன. 600 ஒலிநாடாக்களில் கடையில் வாங்கியவற்றை நீக்கியபின் 58 எஞ்சின. அவை நான் என் கையாலும் நண்பர் கையாலும் பதிந்தவை. மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதியில் ஒலித்த உள்நாட்டுக் கலைஞர்களின் மெல்லிசை, வானொலிப் பெட்டியின் அருகே கருவியை வைத்துப் பிடித்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளித்தேர் தண்ணீர்மலை நோக்கிச் செல்கையில், தேங்காய் உடையும் ஓசைக்கு நடுவே ஒலித்த நாதசுரம். 1833-இல் எழுந்த குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலில் நவராத்திரி இரவு ஒன்றில் உள்ளூர்ப் பெண்கள் பாடியது. ஒலித்தரம் என்று பார்த்தால் இவற்றில் ஒன்றும் தேறாது. இருமல் ஒலி உண்டு. மோட்டார்சைக்கிள் ஒலி உண்டு. இடையில் யாரோ தண்ணீர் கேட்கும் குரலும் உண்டு. ஆனால் உலகில் இரண்டாம் படி கிடையாது.

அவற்றுள் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். 1979-இல் செபராங் பிறையின் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் பெரியம்மா பாடிய ஒப்பாரி அது. பாடுமாறு நான் கேட்டபோது, "இழவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடலாமாடா தம்பி?" என்று கடிந்துகொண்டார். பின்னர் வீட்டைவிட்டு நெடுந்தூரம் நடந்து, ஒரு மரத்தடியில் அமர்ந்து, தம் கணவரை நினைத்துப் பாடினார். தாம் வந்த கப்பலின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இழந்த பிள்ளைகளின் பெயர்களையும் அப்பாட்டில் வரிசையாக வைத்தார். எழுதப் படிக்க அறியாதவர் அவர். நம் நாட்டுக் கவிதைகளுக்கு 1997-இல் முரசு நெடுமாறன் தொகுத்தளித்த மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் போன்ற பெருமுயற்சிகள் சொற்களைக் காத்துள்ளன. பெரியம்மாவின் சொற்களையும் நான் ஏட்டில் எழுதிவிடலாம். ஆனால் ஓரடியின் முடிவில் மூச்சை இழுத்து அடுத்த அடிக்குத் தாவும் இடத்தில் அவர் குரல் எப்படி உடைந்தது என்பதை எந்த எழுத்தால் எழுதுவேன்? தந்தையார் மதிக்காத ஒலிநாடாவுக்குள்ளேதான் அது இருந்தது. 2,100 பொருள்களில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொல்லியிருந்தால், நான் அதையே எடுத்திருப்பேன்.

தனிப்படிகளைக் கண்டறிந்தபின் அவற்றை வீட்டிலேயே வைத்துக்கொள்வது நெறியாகுமா? ஆகாது என்பதே என் முடிவு. ஒரே படியாக உள்ள பொருள் ஒரு முதியவரின் அலமாரியில் இருப்பது, தில்லையில் பூட்டிய அறைக்குள் ஏடு இருந்தது போன்றதே. உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிச் சென்றபோது, அங்கிருந்த பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாகக் கோயிலார் கூறிய செய்தி நாம் அறிந்ததே. அவர்கள் வெறுப்பினால் அதைச் செய்யவில்லை; சிதைந்த ஏட்டுக்குச் செய்யும் மரியாதை என்று கருதியே செய்தனர். மரியாதை இருந்தது, உள்ளே இருப்பது என்ன என்று பார்க்கும் வழக்கம் இல்லை. நாளை என் வீட்டிலும் அப்படி நேராது என்பதற்கு உறுதி என்ன? ஆகையால் முதலில் 58 ஒலிநாடாக்களையும் படியெடுத்தோம். 58 மணி நேரம் என்பது எம்மால் இயலும் அளவே. படிகள் மூன்று இடங்களில் இருக்குமாறு செய்தோம்: ஒன்று நம் நாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றில், ஒன்று தமிழகத்தில், ஒன்று குடும்பத்தாரிடம். அசல் நாடாக்களும் அந்த 70 தட்டுகளும் ஆய்வு நிறுவனத்துக்கே சென்றன.

படியெடுப்பதைவிட நெடுநேரம் பிடித்தது குறிப்பு எழுதும் வேலை. பாடியவர் யார், எந்த ஊர், எந்த நாள், பதிந்தவர் யார், சுற்றிலும் கேட்கும் ஓசைகள் எவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதினோம். குறிப்பில்லாத ஒலிநாடா ஐம்பது ஆண்டு கழித்து வெறும் இரைச்சலாகிவிடும். பெரியம்மா பாடிய தோட்டத்தின் பெயரை இன்று நான் எழுதாவிட்டால், அந்நிலத்தில் இன்று நிற்கும் வீடுகளைக் கொண்டு எவரும் அதனைக் கண்டறிய முடியாது. மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி இதுவே: பொருளைக் காக்க இடம் இல்லை என்றாலும், குறிப்பை எழுத ஒரு தாள் இருக்கும்.

மற்றவை மற்ற வழிகளில் போயின. சீன நண்பர் தாம் விரும்பியவற்றை உரிய விலைக்கு எடுத்துக்கொண்டார். அப்பணம் படியெடுக்கும் கருவியைப் பழுது பார்க்க உதவிற்று. நெடுந்தட்டுகளில் நூறு, இசை பயிலும் இளைஞர் குழு ஒன்றுக்குப் போயின. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று எஞ்சியவற்றைப் பழைய வீட்டின் கூடத்தில் மூன்று ஞாயிறு அடுக்கி வைத்தோம். பாகவதர் தட்டொன்றை எடுத்துச் சென்ற ஒரு மூதாட்டி, அதனை ஓட்டத் தம்மிடம் கருவி இல்லை என்றும் சுவரில் மாட்டப்போவதாகவும் சொன்னார். அதுவும் ஒரு பயனே. பூஞ்சணத்தாலும் விரிசலாலும் பாழானவற்றை, அவற்றின் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு, அகற்றினோம்.

இறுதியாக 40 தட்டுகள் புதிய வீட்டுக்கு வந்தன. இவற்றுக்கு நான் வகுத்த நெறி பொருந்தாது. இவை அரியவை அல்ல, எங்கும் கிடைப்பவை. தந்தையாரின் கைரேகை படிந்தவை, மனைவி விரும்பிக் கேட்பவை, காரணம் சொல்ல இயலாதவை என மூவகை உண்டு. நெறிக்கு அப்பால் இத்துணை இடமேனும் ஆசைக்கு விடாவிட்டால், நெறியைக் கைக்கொள்ளும் மனம் வாராது என்பதையும் இப்பணி எனக்குக் கற்பித்தது. பழைய சொற்கள் வழக்கிலிருந்து நீங்குவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகா என்று இலக்கணம் கூறிய நன்னூலாரே, அது காலத்தின் வகை என்று காரணமும் கூறினார். பொருள்களுக்கும் அது பொருந்தும். ஆனால் கழிவது எது என்று அறிந்து கழிப்பதற்கும், அறியாமல் கழியவிடுவதற்கும் வேறுபாடு பெரிது.

நம் வீடுகள் பலவற்றில் இன்றும் கட்டிலுக்கு அடியில் ஒலிநாடாப் பெட்டி ஒன்று இருக்கிறது. பாட்டியின் தாலாட்டோ, பள்ளி ஆண்டு விழாவில் ஓர் ஆசிரியர் பாடிய பாட்டோ, திருமண வீட்டில் வாசித்த நாதசுரமோ அதில் இருக்கக்கூடும். கையால் பெயர் எழுதிய நாடாக்களை முதலில் எடுங்கள். அவற்றில் பாடுபவர் யார் என்று அறிந்த பெரியவர் வீட்டில் இருப்பாராயின், இவ்வாரமே அவர் அருகில் அமர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய பாடல்கள் காத்திருக்கும்.